இன்னோவா 2.5 டைமிங் பெல்ட்: லைட் எரியும் வரை காத்திருக்கலாமா?

கட்டிங்மாஸ்டர்_திருப்பூர்

எல்லோருக்கும் வணக்கம். இந்த வருஷம் ஆவணியில் ஒரு இன்னோவா 2.5 டீசல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 2012 மாடல், ஜி வேரியன்ட், நான் மூன்றாவது ஓனர். மீட்டரில் 1,38,000 கி.மீ. காட்டுகிறது. 90 ஆயிரம் வரை கம்பெனி சர்வீஸ் பில் இருக்கிறது, அதற்கு மேல் எல்லாம் வெளியே செய்திருக்கிறார்கள். டைமிங் பெல்ட் (எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டைச் சுற்றுகிற பல் பெல்ட்) மாற்றினீர்களா என்று பழைய ஓனரைக் கேட்டேன். "மாத்துன ஞாபகம் இருக்குதுங்க" என்றார். எப்போது, எங்கே என்று கேட்டால் ஞாபகம் இல்லையாம்.

டிசம்பர் லீவில் குடும்பத்தோடு மைசூர் போகிறோம். சத்தியமங்கலம், திம்பம் வழி. அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் வண்டியில் இருப்பார்கள். காட்டுக்குள் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது என்று வீட்டில் இப்போதே ஆரம்பித்துவிட்டார்கள்.

இரண்டு இடத்தில் விசாரித்தேன். சர்வீஸ் சென்டரில் பெல்ட், ஐட்லர் (பெல்ட் உருண்டு ஓடும் சக்கரம்), டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கமாக வைத்திருப்பது), வாட்டர் பம்ப், கூலன்ட், ஃபேன் பெல்ட், லேபர் எல்லாம் சேர்த்து 23 ஆயிரம் சொச்சத்துக்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்துப் பட்டறையில் பெல்ட் மட்டும் மாற்றினால் போதும், 4,500-க்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். ஒரே வேலைக்கு இவ்வளவு வித்தியாசமா?

மீட்டரில் டி-பெல்ட் லைட் (டைமிங் பெல்ட்டை மாற்றச் சொல்லும் விளக்கு) இன்னும் எரியவில்லை. எரியும் வரை ஓட்டலாமா? இன்னொன்று, 2027-ல் ஆர்.சி.க்கு 15 வருஷம் முடிகிறது. அதுவரைதான் வைத்திருப்பேனா, புதுப்பித்து ஓட்டுவேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அதற்கு முன்னால் இவ்வளவு செலவு தேவையா என்பதும் ஒரு யோசனை.

---

பிராடோ_மெல்போர்ன்

வணக்கம் நண்பரே. என்னிடம் டொயோட்டா பிராடோ 3.0 டீசல் இருக்கிறது. உங்கள் எஞ்சினின் அண்ணன் அது, பெல்ட் அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆஸ்திரேலியாவில் டொயோட்டா சொல்வது 1,50,000 கி.மீ. எனக்கு அந்தக் கணக்குக்குச் சரியாக லைட் எரிந்தது, மாற்றினேன், அவ்வளவுதான். கழற்றிய பெல்ட்டைப் பார்த்தேன், புதுசு மாதிரி இருந்தது. உங்களுக்கு இன்னும் 12 ஆயிரம் பாக்கி இருக்கிறது. மைசூர் போய்விட்டு வந்து நிதானமாகச் செய்யுங்கள்.

---

சேலம்_டீசல்

தம்பி, மெல்போர்ன் நண்பர் சொல்வது அவர் வண்டிக்குச் சரி. அவர் வண்டியின் வரலாறு முழுக்க அவருக்குத் தெரிந்திருக்கும். உங்கள் கதை அப்படி இல்லை. நான் சேலத்தில் பத்து வருஷத்துக்கு மேல் டிராவல்ஸ் நடத்தினேன். எல்லாமே இந்த 2.5 இன்னோவாதான். இப்போது ஒரு கிரிஸ்டா (அடுத்து வந்த இன்னோவா) மட்டும் ஓடுகிறது. டைமிங் பெல்ட்டுக்கு நிறையச் செலவழித்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த லைட். அது பெல்ட்டைப் பார்த்து எரிவது கிடையாது. பெல்ட் பக்கத்தில் எந்த சென்சாரும் இல்லை. மீட்டர் கி.மீ.யை எண்ணிக்கொண்டு போகும், குறித்த எண் வந்ததும் விளக்கைப் போடும், அவ்வளவுதான். பெல்ட் மாற்றாமலே அதை அழிக்கலாம், பெல்ட்டை மாற்றிவிட்டு அழிக்காமலும் விடலாம். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். செகண்ட் ஹேண்ட் வண்டியில், அதுவும் பில் இல்லாத வண்டியில், லைட் எரியவில்லை என்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. எங்கள் பக்கத்தில் 2.5 ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் 1 லட்சத்திலேயே மாற்றிவிடுவார்கள். சேலம் வெயில், ஏ.சி. போட்டபடி டோல்கேட்டில் நிற்பது, தொப்பூர் ஏற்றத்தில் ஏழு பேரோடு ஏறுவது, இதெல்லாம் சேர்ந்தால் 1,50,000 என்ற எண்ணை நம்ப மனசு வராது.

அப்புறம் 1,38,000 என்ற மீட்டரே உண்மையா என்பது தனிக் கேள்வி. 2012 இன்னோவா 13 வருஷத்தில் 1,38,000 மட்டும் ஓடியிருந்தால் நல்ல வீட்டு வண்டி, சந்தோஷம். ஆனால் 90 ஆயிரத்துக்குப் பிறகு பில் இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். கடைசி கம்பெனி பில்லின் தேதியைப் பாருங்கள். 90 ஆயிரத்தை 2016-லேயே தொட்டிருந்தால், மீதி ஒன்பது வருஷத்துக்கு வெறும் 48 ஆயிரம் என்பது எனக்கு இடிக்கும்.

கி.மீ.யை விட்டாலும் வருஷம் இருக்கிறது. பெல்ட் என்பது ரப்பர், உள்ளே கண்ணாடி இழை. எஞ்சின் சூட்டிலேயே கிடந்து கெட்டியாகும். வெளியிலிருந்து பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்வதை நம்பாதீர்கள். இழை உள்ளே விட்டுப்போனது கண்ணுக்குத் தெரியாது. பல் ஒன்று பிய்ந்தாலும் முந்தின நாள் வரை வண்டி அழகாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். சத்தம் வரும், புகை வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாத சாமான் இது.

அறுந்தால் என்ன ஆகும்? டீசல் எஞ்சினில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே இடமே இருக்காது, அவ்வளவு கம்ப்ரெஷன். கேம் நின்ற இடத்தில் நிற்கும், பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கிற வால்வை இடிக்கும். வால்வு வளையும். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றாமல் தீராது. எனக்குத் தெரிந்த ஒரு வண்டிக்கு எல்லாம் சேர்த்து 70 ஆயிரத்தைத் தாண்டியது, அதுவும் பிஸ்டன் தப்பித்ததால். இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எஞ்சின் நின்றால் பவர் ஸ்டீயரிங் இறுகிவிடும், பிரேக் மிதியை லேசாக்குகிற வாக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் இருக்கும். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு. அங்கே இதைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டாம். அப்படி நின்றுவிட்டால் மறுபடி மறுபடி செல்ஃப் அடிக்கவும் கூடாது, இன்னும் இரண்டு வால்வு சேர்ந்து போகும்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். உங்கள் இரண்டு எஸ்டிமேட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

23 ஆயிரத்தில் வாட்டர் பம்ப் எதற்கு? நிறைய கார்களில் டைமிங் பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றும். பம்ப் ஜாம் ஆனால் பெல்ட்டும் போகும், அதனால் இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்வார்கள். அது அந்தக் கார்களுக்கு நல்ல அறிவுரை. இந்த எஞ்சினில் வாட்டர் பம்ப் வெளியே ஓடும் ஃபேன் பெல்ட்டில் இருக்கிறது. டைமிங் பெல்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. 2.5-ல் கிராங்கிலிருந்து (பிஸ்டன்கள் சுற்றுகிற தண்டு) டீசல் பம்ப் வரை பல்சக்கரம்தான். அந்தப் பக்கத்திலிருந்து மேலே கேமுக்குப் போகிற இடத்தில் மட்டும்தான் பெல்ட். அதனால் பெல்ட் சின்னது, முன்பக்கம் மேலேயே இருக்கிறது. கவரைக் கழற்றினால் கண்ணெதிரே நிற்கும். கிராங்க் புல்லியைக் கழற்ற வேண்டாம், கூலன்ட்டைக் கொட்ட வேண்டாம். கை பழகிய ஆளுக்கு ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேர வேலை. வாட்டர் பம்ப் ஒழுகுகிறதா, ஆட்டிப் பார்த்தால் லூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதைத் தொடவே வேண்டாம்.

அதே மாதிரி பெல்ட் மட்டும் போட்டு 4,500 என்பதும் வேண்டாம். ஐட்லர் பேரிங்கும் டென்ஷனரும் பெல்ட் ஓடிய அதே தூரம் ஓடியவை. ஐட்லரில் கிரீஸ் காய்ந்து பேரிங் இறுகினால் புது பெல்ட்டும் அதே வாரத்தில் போகும். டென்ஷனர் உள்ளே எண்ணெய் வைத்த ஹைட்ராலிக் சாமான், ஒழுகினால் பெல்ட் தொளதொளக்கும், பல் தாவும். மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். மூன்றும் ஒரிஜினல், லேபர் எல்லாம் சேர்த்து 10 ஆயிரத்தை ஒட்டி முடிய வேண்டும். ஊருக்கு ஊர் ஆயிரம் ஐந்நூறு முன்னே பின்னே இருக்கும். எஸ்டிமேட் எந்தத் தேதியில் போட்டது என்றும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து ஸ்பேர் பார்ட்ஸுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆகிவிட்டது. சில இடங்களில் பழைய விலைப்பட்டியலை வைத்தே இன்னும் எஸ்டிமேட் அடித்துக் கொடுக்கிறார்கள்.

2027 பற்றிக் கேட்டீர்கள். 10 ஆயிரம் செலவழித்த பில் கையில் இருந்தால் விற்கும்போது அந்தப் பணம் திரும்பி வரும். பில் இல்லாத வண்டியை வாங்கிவிட்டு நீங்கள் இப்போது படுகிற பாட்டை அடுத்து வாங்குகிறவரும் படுவார், விலையைக் குறைத்துத்தான் கேட்பார்.

---

போலோ_தாம்பரம்

10 ஆயிரத்துக்கா இவ்வளவு யோசனை! என்னுடையது போலோ 1.5 டீசல். போன மாதம்தான் மாற்றினேன். கிட், வாட்டர் பம்ப், கூலன்ட், லேபர் எல்லாம் சேர்த்து 27 ஆயிரம், அதுவும் வெளியே, கம்பெனியில் இல்லை. எங்கள் வண்டியில் கேம், டீசல் பம்ப், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒரே பெல்ட் சுற்றுகிறது. எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது, சைடு மவுன்ட்டைக் கழற்றி, எஞ்சினைத் தாங்கிப் பிடித்து, கேமும் கிராங்கும் அசையாமல் பூட்டுக் கருவி போட்டு, அரை நாளுக்கு மேல் ஆனது. இந்தக் கருவி இல்லாத இடத்தில் பெயின்ட் மார்க் வைத்தே மாற்றித் தருகிறேன் என்றார்கள், ஓடி வந்துவிட்டேன்.

---

எர்டிகா_மதுரை

இடையில் ஒரு சந்தேகம். என்னுடையது எர்டிகா 1.3 டீசல். இதற்கும் மாற்ற வேண்டுமா? 1,20,000 ஓடிவிட்டது.

---

சேலம்_டீசல்

மதுரை சார், உங்களுடையதில் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். ஃபியட்டின் அந்த 1.3 எஞ்சின் ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா எதில் வந்தாலும் செயின்தான். கி.மீ. கணக்கு வைத்து மாற்றுவது கிடையாது. ஆயில் மட்டும் காலத்தில் மாற்றுங்கள். ஆயிலை இழுத்தடித்தால் செயின் நீளும், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது முன்பக்கம் கரகரவென்று கேட்கும், அப்போது கவனித்தால் போதும். என் கிரிஸ்டா 2.4-ம் செயின்தான், அந்த வகையில் நிம்மதி. மற்ற செலவுகளில் அந்த நிம்மதியைக் கழித்துவிட்டார்கள், அது வேறு கதை.

---

கட்டிங்மாஸ்டர்_திருப்பூர்

அண்ணா, ரொம்ப நன்றி. கடைசி கம்பெனி பில்லை எடுத்துப் பார்த்தேன். 2018 ஜனவரி, 89 ஆயிரம் சொச்சம். ஆறு வருஷத்தில் 89 என்றால், மீதி ஏழெட்டு வருஷத்துக்கு 48 ஆயிரம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் நடுவில் கொரோனா வேறு வந்தது, சேர்த்துப் பார்த்தால் நம்பலாம் என்று நினைக்கிறேன்.

எங்கள் பட்டறைக்காரரிடம் பேசினேன். சாமான் நானே வாங்கிக் கொடுத்தால் லேபர் 1,500-க்குச் செய்து தருகிறேன் என்றார். சொந்தக்காரர் மாதிரிப் பழகுகிறவர், வேலை தெரிந்தவர்தான், இன்னோவாவும் பார்த்திருக்கிறார். ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று கண்டுபிடிப்பது எப்படி? வேலை நடக்கும்போது நான் கூட நின்று எதைக் கவனிக்க வேண்டும்?

---

சேலம்_டீசல்

டொயோட்டா பார்ட்ஸ் கவுன்டரிலேயே பில் போட்டு வாங்குங்கள் தம்பி. உங்கள் சேசிஸ் நம்பரைச் சொன்னால் சரியான பார்ட் நம்பரை அவர்களே எடுத்துத் தருவார்கள். ஆட்டோமொபைல் கடையில் 300, 400 ரூபாய் குறையும். அந்த 400-க்காக டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அச்சு சரியா, ஹோலோகிராம் சரியா என்று ஆராய்ச்சி பண்ணுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. டூப்ளிகேட் போடுகிறவன் டப்பாவைத்தான் முதலில் சரியாகச் செய்வான். பெல்ட்டை வீட்டுக்குக் கொண்டுவரும்போது மடக்கவோ முறுக்கவோ வேண்டாம், உள்ளே இழை உடையும்.

பட்டறையில் நிற்கும்போது:

பெல்ட்டைக் கழற்றும் முன் கிராங்கைச் சுழற்றி, புல்லிகளில் இருக்கும் டைமிங் மார்க்குகள் எல்லாம் நேரே வருகிறதா என்று அவர் பார்க்க வேண்டும். பார்ப்பார், வேலை தெரிந்த ஆள் இதை விடமாட்டார். கவருக்கு உள்ளே எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று நீங்கள் பாருங்கள். கேம் சீலோ பம்ப் சீலோ கசிந்தால் அதை மாற்றாமல் மேலே புது பெல்ட்டைப் போடக்கூடாது. எண்ணெய் பட்ட பெல்ட் ஊறிப்போகும். சீல் விலை சில நூறு ரூபாய்தான், இப்போதே திறந்திருக்கும்போது மாற்றினால் கூலி மிச்சம்.

பழைய டென்ஷனரை வைஸில் அமுக்கி, அமுங்கியபடி நிற்க ஊசி குத்தி, திரும்பப் போட்டுவிடலாம், நல்லாத்தானே இருக்கிறது என்பார்கள். புதியது வாங்கியிருக்கிறீர்கள், அதையே போடச் சொல்லுங்கள்.

பெல்ட் மாட்டி டென்ஷனர் ஊசியை உருவிய பிறகு, ஸ்பேனர் போட்டுக் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, மார்க்குகள் மறுபடி நேருக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கேயாவது முட்டினால் அங்கேயே நிறுத்த வேண்டும். இதைச் செய்யாமல் நேராகச் சாவியைத் திருப்பினால் தடுங்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கடைசியாக, மீட்டரில் அந்தக் கணக்கை அழிக்கச் சொல்லுங்கள். கவர் மேல் தேதியையும் கி.மீ.யையும் பெயின்ட் மார்க்கரில் எழுதிவிடுங்கள். என் வண்டிகள் எல்லாவற்றிலும் அப்படித்தான். டிரைவர் மாறுவார், மெக்கானிக் மாறுவார், பில் தொலையும்.

---

கட்டிங்மாஸ்டர்_திருப்பூர்

வேலை முடிந்தது. விவரம் எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

சாமான் மூன்றும் கம்பெனி கவுன்டரில் வாங்கினேன், ஜி.எஸ்.டி.யோடு 8,640. டென்ஷனர்தான் அதில் பெரிய விலை, பெல்ட் ரொம்பக் குறைவு. லேபர் 1,500. கேம் சீல் லேசாக ஈரமாக இருந்தது, அதையும் மாற்றியதில் கூலியோடு 600. மொத்தம் 10,740.

பழைய ஓனர் சொன்னது பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. பெல்ட் மாற்றித்தான் இருந்தது, கம்பெனி பெல்ட் இல்லை, பெயர் பாதி அழிந்த ஏதோ ஒரு பெல்ட். ஐட்லரும் டென்ஷனரும் வண்டியோடு வந்தவை போலிருக்கிறது என்றார் மெக்கானிக். ஐட்லரைக் கையில் எடுத்துச் சுற்றினால் கரகரவென்று சத்தம், புதுசைச் சுற்றினால் சத்தமே இல்லை, கொஞ்சம் கனமாக மெதுவாகச் சுற்றுகிறது. பெல்ட்டின் முதுகில் குறுக்கே மெல்லிய வெடிப்பு இருந்தது, ஒரு ஓரம் தேய்ந்து நூல் தெரிந்தது. ஐட்லர் சாய்ந்து ஓடியதால் அந்த ஓரம் தேய்ந்திருக்கும் என்றார். 4,500-க்குப் பெல்ட் மட்டும் மாற்றலாம் என்று முதலில் சொன்னதும் அவரேதான், அதை ஞாபகப்படுத்தினேன், சிரித்துக்கொண்டார்.

வாட்டர் பம்ப்பில் ஒழுகலும் இல்லை, ஆட்டமும் இல்லை. விட்டுவிட்டோம். ஃபேன் பெல்ட்டும் நன்றாகவே இருக்கிறது.

வீட்டில் இப்போது அடுத்த கேள்வி, திம்பத்தில் டயர் பஞ்சரானால் என்ன செய்வது என்று.

---

வள்ளியூர்_இன்னோவா

சேலம் அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. என்னுடையது 2009 இன்னோவா. பெல்ட், ஐட்லர், டென்ஷனர் மூன்றும் 2016-ல் கம்பெனியில் மாற்றினேன், பில் இருக்கிறது. அப்பா மட்டும்தான் ஓட்டுகிறார், அதற்குப் பிறகு 41 ஆயிரம்தான் ஓடியிருக்கிறது. 1 லட்சம் ஆக இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறதே, விடலாமா?

---

சேலம்_டீசல்

மாற்றிவிடுங்கள். ஒன்பது வருஷம் ஆகிறது. கி.மீ. குறைவு என்பதால் டென்ஷனர் ஒழுகாமல் நன்றாக இருந்தால் அதை மட்டும் விடலாம், பெல்ட்டும் ஐட்லரும் கண்டிப்பாகப் புதுசு. டென்ஷனர் இல்லாமல் பார்த்தால் உங்களுக்குப் பாதிச் செலவுதான் வரும். வண்டி நாள்கணக்கில் நின்றே கிடக்கிறது என்றால் கவரைக் கழற்றும்போது எலி கடித்த அடையாளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் பக்கம் தோட்டத்து வீடுகளில் இது அதிகம்.